தண்ணீர் வராது, நீங்கள்தான் போக வேண்டும்

அக்கா மகன் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டி இருக்கிறான். போன மாதம் போன் செய்தவன், "மாமா, மிச்சிகன் பக்கம் மாறிடலாமான்னு யோசிக்கிறேன். அங்க ஏரியே கடல் மாதிரி இருக்காம், தண்ணிப் பிரச்சினையே வராதாம்" என்றான். நான் அப்போது பெங்களூர் கே.ஆர்.புரத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, டேங்கர்காரர் நிஜமாகவே ஆறாயிரம் லிட்டர் இறக்குகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பற்றி யோசனை கேட்க அவனுக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள்.

"விசாரிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். சும்மா நாலு பக்கம் படிக்கலாம் என்று ஆரம்பித்தது, ஒரு மாதமாக அதிலேயே கிடக்கிறேன். அந்த ஏரிகளைச் சுற்றி அவர்கள் எழுதி வைத்திருக்கும் சட்டம், நாம் பெங்களூரில் செய்துகொண்டிருப்பதற்கு நேர்த் தலைகீழ். நாம் ஆள் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருகிறோம், நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியைச் சுமார் ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றி. அவர்களோ தண்ணீர் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது, வேண்டுமென்றால் ஆள் வரட்டும் என்கிறார்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்று ஐந்து ஏரிகள், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில். உலகத்தில் தரைமேல் இருக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் கிடக்கிறது. மொத்தம் 22,600 கன கிலோமீட்டர் என்று புத்தகங்களில் போட்டிருக்கும், அது நமக்கு ஒன்றும் உறைக்காது. டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி) போட்டுப் பார்த்தேன்: சுமார் 8 லட்சம் டிஎம்சி. மேட்டூர் அணை நிரம்பி வழிந்தால் 93.47. அப்படியென்றால் எட்டாயிரத்து ஐந்நூறு மேட்டூருக்குக் குறையாது.

ஆனால் இது பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் பனிப்பாறைகள் உருகிச் சேர்ந்த பாட்டன் சொத்து. மழையும் பனியுமாக வருஷத்துக்கு வருஷம் புதிதாக வந்து சேர்வது ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதாவது அசல் 8 லட்சம், வட்டி எட்டாயிரம். எட்டாயிரமும் கொஞ்சமில்லை, பத்துக் காவிரிக்கு மேல் வரும், ஆனால் மூன்று கோடிக்கும் அதிகமான பேர் அதை நம்பி இருக்கிறார்கள். அசலில் கை வைத்தால் என்ன ஆகும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அசலைக் காப்பாற்றத்தான் சட்டம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது, அது எனக்கே ஆச்சரியம். 1982-ல் ஒரு வழக்கு. நெப்ராஸ்கா, கொலராடோ என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நிலம் வைத்திருந்தவர்கள், நெப்ராஸ்கா பக்கம் இருந்த கிணற்றிலிருந்து கொலராடோ பக்கத்து வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சினார்கள். கிணறும் அவர்களுடையது, வயலும் அவர்களுடையது, நடுவில் ஒரு கோடு. நெப்ராஸ்கா "எங்கள் தண்ணீரை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகாதே" என்றது. ஸ்போர்ஹேஸ் வழக்கு என்று பெயர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிலக்காரர் பக்கம் நின்றது: நிலத்தடி நீர் வணிகப் பொருள், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே, ஒரு மாநிலம் தன் இஷ்டத்துக்குக் கதவைச் சாத்த முடியாது.

ஏரிக்கரை மாநிலங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. நாளைக்குத் தெற்கே, மேற்கே வறண்ட மாநிலம் ஏதாவது குழாயைப் போட்டால் எதைச் சொல்லித் தடுப்பது? அந்தப் பயம் உள்ளே இருக்கும்போதே 1998-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நோவா குரூப் என்ற கம்பெனிக்கு ஓர் அனுமதி கொடுத்தது: சுப்பீரியர் ஏரியிலிருந்து வருஷத்துக்கு 60 கோடி லிட்டர் தண்ணீரைக் கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கு விற்கலாம். ஆமாம், ஆசியாவுக்கு, நம் பக்கத்துக்குத்தான். ஊர் கொந்தளித்து அந்த அனுமதி ரத்தானது. 60 கோடி லிட்டர் என்பது இன்று பெங்களூருக்கு ஒரு நாளைக்கு வரும் காவிரித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ.

அந்த அதிர்ச்சியில் ஏழு வருஷம் பேசி, 2005-ல் எட்டு மாநிலங்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன: மின்னசோட்டா, விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க். கனடாவின் ஒன்டாரியோவும் கியூபெக்கும் தனியாக இதே மாதிரி ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டன. நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, 2008-ல் ஜனாதிபதி புஷ் கையெழுத்தும் விழுந்தது. நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு அது மத்தியச் சட்டம் மாதிரி, வணிகத்தைத் தடுக்கிறாய் என்று யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. சாமர்த்தியமான வேலை, ஒத்துக்கொள்ள வேண்டும்.

உடன்படிக்கையின் சாரம் ஒரு வரிதான். ஏரிகளின் வடிநிலத்துக்கு வெளியே தண்ணீர் போகக் கூடாது. வடிநிலம் என்றால் எந்த இடத்தில் விழும் மழை கடைசியில் அந்த ஏரிக்குப் போய்ச் சேருமோ அந்த இடம். அதன் விளிம்பு ஒரு மேடு, நீர்ப்பிரிமேடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டியிருந்தால் ஏரித் தண்ணீர் உங்களுக்கு உண்டு. அந்தப் பக்கம் கட்டியிருந்தால், மாடியில் ஏறினால் ஏரி தெரிந்தாலும், கிடையாது.

வௌக்கஷா என்ற ஊரின் கதையைக் கேட்டால் இது எவ்வளவு கறார் என்று புரியும். விஸ்கான்சினில், மிச்சிகன் ஏரியிலிருந்து 25 கிலோமீட்டர் சுமாருக்குள் இருக்கும் நகரம், எழுபதாயிரம் பேர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆழம் போகப் போக அதில் ரேடியம் வந்தது. ரேடியம் கதிரியக்கப் பொருள், கோலார் மாவட்டக் கிணறுகளின் ஃப்ளோரைடைவிடப் பயமுறுத்தும் பெயர். பக்கத்தில் ஏரி. ஆனால் ஊர் இருப்பது மேட்டுக்கு மேற்கே, அங்கே விழும் மழை மிசிசிப்பி வழியாகத் தெற்கே போய்விடும். ஊரைச் சேர்ந்த மாவட்டத்தில் ஒரு பகுதியாவது மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் மனுப் போடலாம் என்று உடன்படிக்கையில் ஒரு சந்து விட்டிருந்தார்கள், அந்தச் சந்துக்குள் புகுந்துதான் வந்தார்கள். எட்டு ஆளுநர்களும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மறுத்தால் எல்லாம் போச்சு. ஒரு நாளைக்கு 1.01 கோடி கேலன் கேட்டார்கள், 82 லட்சம் கேலன்தான் தருவோம், அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லி 2016 ஜூனில் அனுமதி. 2023 அக்டோபரில்தான் குழாயில் தண்ணீர் வந்தது.

82 லட்சம் கேலன் என்றால் 3.1 கோடி லிட்டர். வருஷத்துக்கு 0.4 டிஎம்சி. எட்டு லட்சம் டிஎம்சி வைத்திருக்கிறவர்கள் அரை டிஎம்சிகூட இல்லாத தண்ணீருக்கு இத்தனை வருஷம் பஞ்சாயத்து வைத்தார்கள்! அதோடு விடவில்லை. எடுக்கும் தண்ணீரைக் குளித்து, துவைத்து, சுத்திகரித்துத் திரும்ப ஏரிக்கே விட்டாக வேண்டும். அதற்குத் தனிக் குழாய் போட்டு, ரூட் என்ற ஆற்றில் விட்டு, ஆறு ஏரிக்குக் கொண்டுபோகிறது. திருப்பி விடுவதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். கடனாக வாங்கிக் குடி, அப்புறம் திருப்பிக் கொடு.

இதைப் படித்தபோதுதான் எங்கள் ஊரை நினைத்துச் சிரிப்பு வந்தது. பெங்களூரும் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். மேட்டுக்கு மேற்கே விழும் மழையும் சாக்கடையும் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. கிழக்கே இருப்பதெல்லாம் பெல்லந்தூர், வர்த்தூர், எலே மல்லப்ப செட்டி ஏரி என்று தொட்டுக்கொண்டு தட்சிண பினாகினிக்கு. அது யார்? நம் தென்பெண்ணைதான். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அதில் எங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் இருக்கிறது, மன்னிக்கவும். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்.

ஆக எங்களுக்குக் குழாயில் வருவது காவிரி, கழிவாகப் போவது தென்பெண்ணை. ஒரு வடிநிலத்தில் எடுத்து இன்னொன்றில் விடுகிறோம். ஏரிக்கரைச் சட்டத்தில் இதற்குப் பெயர் திருப்பம் (டைவர்ஷன்), தடைசெய்யப்பட்டது.

இந்தச் சங்கதி நம் கோர்ட்டிலும் வந்தது, ஆனால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தீர்ப்புச் சொன்னபோது, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் கணக்குப் போட்டது, அதிலும் பாதித் தேவை நிலத்தடி நீரில் தீரும் என்று வைத்து. வௌக்கஷா கணக்கு மாதிரியேதான், மேடுதான் எல்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. குடிநீருக்கு எல்லாவற்றுக்கும் மேலான இடம், ஒரு நகரத்தை மேட்டை வைத்து இரண்டாகப் பிளக்க முடியாது என்று சொல்லிப் பெங்களூருக்காக 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது. கர்நாடகத்துக்கு மொத்தமாகக் கூடிய 14.75 டிஎம்சியில் அது ஒரு பகுதி, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது. டெல்டாக்காரர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும்.

பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவன் இந்த இடத்தில் எந்தப் பக்கம் பேசுவது? அந்த 4.75-ல் நானும் குடிக்கிறேன், என் சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் காத்துக்கொண்டு இருக்கிறார். குடிநீருக்கு முதலிடம் என்ற வாதம் சரிதான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதம்தான் செலவாகிறது, மீதி திரும்பி வந்துவிடும் என்று நடுவர் மன்றம் கணக்கு வைத்தது. எங்கே திரும்பி வரும்? கே.ஆர்.புரத்துச் சாக்கடை காவிரிக்கு வராது, ஒரு நாளும் வராது. கொஞ்சத்தைச் சுத்திகரித்துக் கோரமங்களா–சல்லகட்டா திட்டத்தில் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பக் குழாயில் அனுப்புகிறார்கள், அதுவும் கிழக்கேதான். வௌக்கஷாக்காரர்கள் போட்ட அந்தத் திருப்பிவிடும் குழாய் இங்கே கிடையாது, போடச் சொல்லி யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவும் இல்லை.

சரி, அமெரிக்காக்காரர்கள் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். இதே ஏரியிலிருந்து சிகாகோ நகரம் ஒரு நூற்றாண்டாகத் தண்ணீரை எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தாங்கள் குடிக்கும் ஏரியிலேயே தங்கள் சாக்கடை கலக்கிறதே என்று 1900-ல் ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைத்தவர்கள் அவர்கள். பக்கத்து மாநிலங்கள் வழக்குப் போட்டு, 1967-ல் விநாடிக்கு 3,200 கனஅடி என்று உச்ச வரம்பு வந்தது. கனஅடிக் கணக்கு நமக்குக் கைவந்ததாயிற்றே, போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு நூறு டிஎம்சி, ஒரு மேட்டூருக்கு மேல். உடன்படிக்கை இதைத் தொடவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோலியட் என்ற ஊரில் நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே போவதால், 2030-க்குள் சிகாகோவிடமிருந்து ஏரித் தண்ணீர் வாங்க ஏற்பாடு நடக்கிறது. அது இல்லினாயில் இருக்கிறது, ஆகவே மாநிலத்தின் பழைய ஒதுக்கீட்டுக்குள் அடங்கிவிடும், எட்டுப் பேரிடம் கை கட்டி நிற்க வேண்டாம். வௌக்கஷாவுக்கு ஒரு நியாயம், ஜோலியட்டுக்கு ஒரு நியாயம்.

இன்னொரு ஓட்டை பாட்டில் தண்ணீர். 5.7 கேலனுக்கு மேற்பட்ட பாத்திரத்தில் வெளியே போனால்தான் அது திருப்பம். அதற்குக் கீழே என்றால் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். 5.7 கேலன் என்பது இருபத்தொன்றரை லிட்டர், அதாவது நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேன் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்! டேங்கரில் கொண்டுபோனால் குற்றம், கேனில் கொண்டுபோனால் வியாபாரம். மிச்சிகனில் நெஸ்லே கம்பெனி நிமிடத்துக்கு 250 கேலன் எடுத்துக்கொண்டிருந்ததை 2018-ல் 400 ஆக்க அனுமதி வாங்கியது, தண்ணீருக்கு விலை எதுவும் இல்லை, வருஷத்துக்கு 200 டாலர் காகிதக் கட்டணம். அப்புறம் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் கம்பெனிக்காக விஸ்கான்சினில் ஒரு நாளைக்கு 70 லட்சம் கேலன் எடுக்க 2018-ல் ஒப்புதல் கொடுத்தார்கள், பொதுக் குடிநீர் விநியோகம் என்ற பெயரில். சொன்ன அளவுக்கு அந்தத் தொழிற்சாலை வளரவேயில்லை, இப்போது அந்தப் பக்கம் மைக்ரோசாஃப்ட்டின் தரவு மையம் எழும்புகிறது.

இனி அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் இருக்கும் இடத்தில் 2023 ஜூன் கடைசியிலிருந்து தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் வெயில். நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்கே அப்படி ஒரு தொடர் கிடையாது. அதே ஜூனில் அரிசோனா அரசு, ஃபீனிக்ஸைச் சுற்றி நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதிய குடியிருப்பு கட்ட இனி ஒப்புதல் இல்லை என்று அறிவித்தது. நூறு வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்டினால்தான் அங்கே மனை பிரிக்க முடியும், 1980 முதல் அப்படி. கேட்கவே பொறாமையாக இருந்தது, இங்கே நூறு நாளுக்குக் காட்டச் சொன்னால்கூட எத்தனை பில்டர் தேறுவார்? ஆனால் அங்கேயும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஓர் இடம், டேங்கர் தண்ணீரில் வாழ்ந்த குடியிருப்பு. பக்கத்து நகரம் ஸ்காட்ஸ்டேல், எங்கள் ஊர்க்காரர்களுக்கே தண்ணீர் இல்லை என்று 2023 ஜனவரி முதல் டேங்கருக்குத் தண்ணீர் தருவதை நிறுத்திவிட்டது. அந்தப் பகுதியில் எல்லாம் முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்கே முதல் உரிமை என்ற சட்டம், நம் தஞ்சாவூர்க்காரர்கள் கல்லணையைக் காட்டிப் பேசுவது போல. கொலராடோ ஆற்றை 1922-ல் பங்கு போட்டபோது நல்ல மழை பெய்த வருஷங்களை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள், ஆற்றில் இல்லாத தண்ணீரையும் சேர்த்தே பங்கு பிரித்தாயிற்று.

ஆகவே ஜனம் வடக்கே நகரும் என்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தின் மேயர் 2019-ல் எங்கள் ஊர் பருவநிலைப் புகலிடம் என்றே அறிவித்தார். 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வந்ததும் உண்மை. அந்த நகரங்களில் இடமும் இருக்கிறது. பஃபலோவில் 1950-ல் 5.8 லட்சம் பேர், 2020-ல் 2.8 லட்சம்கூட இல்லை. டெட்ராயிட்டில் 18 லட்சத்துக்கு மேல் இருந்தது 2020-ல் 6.4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. தொழிற்சாலை மூடியதும் ஆள் போனார்கள், அவர்களுக்குப் போட்ட குழாய் மட்டும் மண்ணுக்குள் கிடக்கிறது.

பருவநிலைப் புலம்பெயர்வு என்று இன்று பெரிய சொல்லாகச் சொல்கிறோம். பாட்டி மொழியில் அது பஞ்சம் பிழைக்கப் போவது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள், சில வருஷம் கழித்துக் கோலார் தங்கவயல் திறந்ததும் வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்காரர்கள் அங்கே போனார்கள். பெங்களூர்த் தமிழர்களில் பாதிப் பேர் வீட்டில் நாலு தலைமுறை தோண்டினால் ஒரு காய்ந்த கிணறு கிடைக்கும்.

அப்படிப் போகிறவர்களுக்கு என்ன சட்டம்? நாடு தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மதம், இனம், அரசியல் என்று துரத்தப்பட்டவர்களுக்கு இடம் உண்டு, மழை துரத்தினால் கிடையாது. ஆனால் பெரும்பாலோர் நாடு தாண்டுவதே இல்லை. 2050-க்குள் 21.6 கோடிப் பேர்வரை சொந்த நாட்டுக்குள்ளேயே நகரலாம் என்று உலக வங்கி 2021-ல் சொன்னது. சொந்த நாட்டுக்குள் நகர யாரும் தடை போட முடியாது, நமக்கு அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இருக்கிறது. அமெரிக்காவில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. 1930-களில் மண்புழுதிப் புயலில் விவசாயம் போய்க் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்களைத் தடுக்க, 1936-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் மாநில எல்லையில் ஆள் நிறுத்தியது. வேலையில்லாத தன் மச்சானை டெக்சாஸிலிருந்து காரில் கூட்டிவந்ததற்காக எட்வர்ட்ஸ் என்பவர் மேல் வழக்கே போட்டார்கள், ஏழையை மாநிலத்துக்குள் கொண்டுவருவது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது. 1941-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. எந்த அடிப்படையில் தெரியுமா? அதே மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற ஷரத்துதான்! மச்சானையும் ஒரு மாநிலம் தடுக்க முடியாது, கிணற்றுத் தண்ணீரையும் தடுக்க முடியாது. பிறகு ஏரித் தண்ணீருக்கு மட்டும் நாடாளுமன்றத்தைப் பிடித்துப் பூட்டு வாங்கிவிட்டார்கள். மச்சான் இன்னும் சுதந்திரமாக வரலாம்.

இதனால்தான் ஏரித் தண்ணீர் வேண்டுமென்றால் ஏரிக்குப் போ என்பது வெறும் பேச்சு இல்லை, சட்டமே அந்தப் பக்கம்தான் பிடித்துத் தள்ளுகிறது. மேட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குக் குழாய் போட எட்டு ஆளுநர் வேண்டும். மேட்டுக்குள் ஒரு லட்சம் பேர் குடிவர ஒருவர் அனுமதியும் வேண்டாம்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அரசியல் கணக்கு. நாடாளுமன்றம் கொடுத்த பூட்டு, சாவியும் அங்கேதான். 2007-ல் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த நியூமெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் தண்ணீரில் மிதக்கின்றன, தேசிய அளவில் பேச வேண்டும் என்ற தோரணையில் வாயை விட்டார், வடக்கே கிளம்பிய எதிர்ப்பில் பின்வாங்கினார். இன்று அவர் இல்லை, ஆனால் ஜனம் எங்கே போகிறதோ ஓட்டும் அங்கே போகும். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த எட்டு மாநிலங்களில் ஐந்து, ஆளுக்கு ஒரு மக்களவை இடத்தை இழந்தன. டெக்சாஸுக்கு இரண்டு கூடியது. தொகுதி மறுவரையறை என்றால் என்ன வயிற்றெரிச்சல் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஆக, புழுக்கத்துக்குப் பயந்து வடக்கே குடிபோகிறவர்கள், தண்ணீரைக் குடிப்பதோடு அந்தத் தண்ணீரைக் காக்கும் வாக்கையும் கொண்டுபோகிறார்கள்.

ஏரிக்குப் பக்கத்தில் இருந்தால் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்றும் இல்லை. மிச்சிகனிலேயே இருக்கும் ஃப்ளின்ட் நகரத்தில் 2014-ல் காசு மிச்சம் பிடிக்க ஹூரான் ஏரித் தண்ணீரை நிறுத்தி ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள், அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்கவில்லை, பழைய குழாய்களின் ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. அதே வருஷம் டெட்ராயிட்டில் பில் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஈரி ஏரியில் பாசி மண்டி நச்சு கலந்து, டொலீடோ நகரத்தில் நாலைந்து லட்சம் பேர் மூன்று நாள் குழாயைத் தொட முடியவில்லை. ஏரியும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, மிச்சிகன்–ஹூரானில் 2013-ன் வரலாறு காணாத தாழ்வுக்கும் 2020-ன் உச்சத்துக்கும் ஆறடி வித்தியாசம். புகலிடம் என்ற பஃபலோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2022 டிசம்பர் பனிப்புயலில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் போட்ட தகரக் கொட்டகைகள் இருபது இருக்கும். ராய்ச்சூர், யாதகிரிப் பக்கத்து ஆட்கள், ரெண்டு குடும்பம் நம் அரூர்ப் பக்கம். "மழ இல்லீங்கண்ணா, போரும் போச்சு, என்ன பண்றது" என்று அந்த அரூர்க்காரர் சொன்னார், அவ்வளவுதான் கதை. 2024 மார்ச்சில் பெங்களூரின் பதினாலாயிரம் சொச்சம் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றி, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் அபராதம் என்று அறிவித்தபோது நாங்கள் வாட்ஸப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், அவர்கள் குடம் கணக்கில் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் வந்தது, ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர், எங்கள் வரிசைக்கும் லைன் வந்தது. கொட்டகைக்கு வரவில்லை. இணைப்புக்குப் பத்திரமும் வரி ரசீதும் வேண்டும்.

இங்கேதான் எனக்கு இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றாகத் தெரிகிறது. ஏரிக்கரை மாநிலங்களின் பழைய பொதுச் சட்டம், கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கு நீர் உரிமை என்கிறது. நம் 1882 ஈஸ்மென்ட் சட்டம், உன் நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர் நீ இறைத்துக்கொள்ளலாம் என்கிறது, டேங்கர் வியாபாரம் முழுக்க அந்த ஒரு வரியில் நிற்கிறது. வடிநிலம் என்பதும் நிலம்தான். எல்லாமே மண்ணைப் பார்த்து எழுதியவை, பஞ்சம் பிழைக்கக் கிளம்பியவனிடம் இல்லாத ஒரே பொருள் அது. மண்ணைப் பார்த்து எழுதிய சட்டம் கொஞ்சம் சூடானால் மண்ணின் மைந்தனைத் தேட ஆரம்பித்துவிடும். 1991-ல் காவிரி இடைக்கால உத்தரவு டிசம்பரில் அரசிதழில் வந்ததும் இந்த ஊரில் தமிழர்களுக்கு எதிரான கலவரமாக வெடித்தது அதுதான். அல்சூரில் இருந்த எங்கள் அப்பா கடையின் தமிழ்ப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். டிஎம்சி கணக்குக்கும் அந்தப் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நேற்று மருமகனுக்குப் போன் செய்தேன். மிச்சிகன் மாநிலம் ஏறக்குறைய முழுவதும் மேட்டுக்குள் இருக்கிறது, அங்கே பார்த்தால் பயமில்லை, விஸ்கான்சின், இல்லினாய் பக்கம் பார்த்தால் வீட்டுக்காரரிடம் பள்ளிக்கூடம் எது என்று கேட்பதற்கு முன்னால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேள், குழாய் ஈயமா என்றும் பார்த்துக்கொள் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம வீடு மேட்டுக்கு எந்தப் பக்கம் மாமா?" என்றான்.

"தப்பான பக்கம்டா" என்றேன். காவிரி லைன் வாரத்தில் ரெண்டு நாள்தான் வருகிறது, மீதிக்கு டேங்கர், அன்றைக்கு எண்ணிப் பார்த்ததில் ஆறாயிரத்துக்குச் சுமார் முந்நூறு லிட்டர் குறைந்தது என்பதையும் சொன்னேன்.